ஓடைப் பக்கம் யார் எல்லை

என் மாமியார் காணாமல் போன அன்று, முதல் ஒன்றரை மணி நேரத்தை வீணாக்கியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வரிசையாக எல்லாரையும் திட்டப் போகிறேன், அப்போது இதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வந்து, சோறு பொங்கி, அத்தைக்கு ஊட்டி, கட்டிலில் படுக்கவைத்தேன். பிறகு துணி துவைக்க மேல் லயத்துக் குழாய்க்குப் போனேன். எங்கள் குழாயில் தண்ணீர் வந்து மாசக்கணக்காகிறது. எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் கட்டிக்கொடுத்த வீட்டு வரிசையில், ஆறு வீடு. நாலு வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆட்கள் திருப்பூரோடு போய்விட்டார்கள். என் வீட்டுக்காரரும் அங்கேதான் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார். ஐந்தாவது வீட்டுக்காரர்கள் அன்று போடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கடைசி வீடு எங்களுடையது. அதற்குக் கீழே எட்டாம் நம்பர் தேயிலைக் காடு, அதற்கும் கீழே ஓடை.

வாளியோடு திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. கட்டில் காலி. செருப்பு வாசலில் இருந்தது. கம்பளி இல்லை.

அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு வருஷமாக ஆளைத் தெரியாது. பெற்ற மகனைக் கங்காணி என்று கூப்பிடுவார், என்னை யாரென்றே கூப்பிடுவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதையும் ஒரு வருஷமாக விட்டுவிட்டார். முந்தாநாள்தான் யானை வந்து லயத்துக்குப் பின்னால் இருந்த வாழையை மிதித்துப் போட்டிருந்தது. மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கி, நாலு மணிக்கெல்லாம் மழை பிடித்துக்கொள்ளும் நாட்கள் அவை. நனைந்தால் அந்த உடம்பு ஒரு ராத்திரி தாங்காது. யானை வரவே வேண்டாம், குளிரே போதும்.

எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் நான் யாரிடமும் போகவில்லை. தனியாகத் தேடினேன். ரோட்டு வளைவு வரை ஓடினேன், பூட்டிய வீடுகளின் பின்பக்கம் பார்த்தேன், கக்கூசுகளைத் திறந்து பார்த்தேன், திரும்ப ரோட்டுக்கு ஓடினேன். குழாயடியில் ஐந்து பெண்கள் நின்றார்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, ஏனென்றால் அந்த ஐந்து பேரும் மேல் லயத்து அன்பியம்.

அன்பியம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பங்கில் நூற்றுச் சில்லறைக் கத்தோலிக்கக் குடும்பங்கள். எல்லாரும் எல்லாவற்றுக்கும் கோவிலுக்கு வந்துகொண்டிருக்க முடியாது என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மேல் லயம் ஒன்று, கீழ் லயம் ஒன்று, ஃபேக்டரி லயம் ஒன்று. வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்ல வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், யாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டுச் செய்ய வேண்டும். கடைசியில் டீ. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவி. எங்களை மேல் லயத்தில் சேர்த்திருந்தார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் கூட்டம் என் வீட்டில் நடந்தது. இருபது பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தை கட்டிலில். ஜெபமாலையில் ஒருத்தர் முதல் பாதி சொன்னால் மற்றவர்கள் மறுபாதி சொல்ல வேண்டும். அத்தைக்கு எல்லாம் மறந்தாலும் அந்த மறுபாதி மறக்கவில்லை. ஆனால் மெதுவாகச் சொல்வார், பழைய வார்த்தைகளில் சொல்வார். நாங்கள் "தூய மரியே, இறைவனின் தாயே" என்று சொல்லி முடித்து மூச்சு விடும்போதுதான் அவர் "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று ஆரம்பிப்பார். அதற்குள் மாலையின் அடுத்த மணிக்கு முதல் பாதி தொடங்கியிருக்கும். இரண்டும் மோதும். பின்னால் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

தலைவி ஜெபமாலையை நிறுத்தினாள். "மதினி, அவங்கள உள் ரூம்ல உக்கார வைங்களேன். ஜெபம் கலையுது."

உள் ரூம் என்றால் அடுப்படி. என் வீட்டில் வேறு ரூம் கிடையாது.

"கலையுறது ஜெபமா, உங்க நேரமா?" என்றேன்.

"ஏன் மதினி கோவப்படுறீங்க? நான் நல்லதுக்குச் சொன்னேன்."

"நல்லதுக்கு ஒண்ணும் இல்ல. டீயும் ஊர் வம்பும்தான் உங்களுக்கு வேணும். சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் பேசலாம். எந்திரிங்க எல்லாரும். இந்த வீட்ல இனி கூட்டம் கிடையாது."

எழுந்து போனார்கள். போட்ட டீயைச் சாக்கடையில் ஊற்றினேன். அதற்குப் பிறகு அன்பியத்துக்கு நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், கடைசி பெஞ்சில் உட்காருவேன், நேராக வீட்டுக்கு வருவேன். ஒண்டியாக இருந்தால் ஒருத்திக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்று எனக்குள் ஒரு திமிர்.

அந்தத் திமிர்தான் ஒன்றரை மணி நேரத்தைத் தின்றது. மூன்றரைக்குப் பனி லயத்துக் கூரை வரை இறங்கியது. எதிரில் பத்தடி தெரியவில்லை. அப்போதுதான் கோவிலுக்கு ஓடினேன்.

கோவிலில் அன்று திருவிழாவுக்கான கூட்டம். மூன்று தலைவிகளும் இருந்தார்கள். பங்குச் சாமி கோட்டயம் பக்கத்துக்காரர், எங்களிடம் பேசும் தமிழில் பாதி மலையாளம். நான் மூச்சிரைக்க நின்றதைப் பார்த்து எழுந்தார்.

"எந்து பற்றி, சேச்சி? கரையாம சொல்லு."

"நான் அழல சாமி. எங்க அத்தையக் காணோம். மணி அடிங்க."

மேல் லயத்துத் தலைவி கையிலிருந்த நோட்டை மூடினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "எப்பப் போனாங்க?"

"ரெண்டு மணி இருக்கும்."

"இப்ப மூணே முக்கால். இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?"

அவளுக்குப் பதில் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லிக் காட்டவில்லை என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அன்று அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

நேரமில்லாத நேரத்தில் கோவில் மணி அடித்தால் எங்கள் எஸ்டேட்டில் இரண்டு அர்த்தம்தான். சாவு, இல்லாவிட்டால் மண்சரிவு. பத்து நிமிஷத்தில் அறுபது எழுபது பேர் வந்துவிட்டார்கள். டார்ச், குச்சி, யானையை விரட்டத் தகரம், தலையில் பிளாஸ்டிக் சாக்கு. மூன்று தலைவிகளும் ஆளுக்கொரு பக்கம் நின்று தங்கள் ஆட்களை எண்ணினார்கள். யார் எந்த வழி, யார் யாரோடு, ஐந்தேகாலுக்குள் திரும்பி இங்கே வர வேண்டும், ஒருத்தரும் தனியாகப் போகக் கூடாது. ஐந்து நிமிஷத்தில் பிரித்து அனுப்பிவிட்டார்கள். நான் ஒன்றரை மணி நேரம் ரோட்டுக்கும் வீட்டுக்கும் ஓடினேன். இவர்கள் ஐந்து நிமிஷத்தில் எஸ்டேட்டையே பங்கு போட்டார்கள். திருவிழா வேலையும் கல்யாண வேலையும் சாவு வேலையும் வருஷக்கணக்காகச் சேர்ந்து செய்த பழக்கம் அது. அதை நான் டீ என்றும் வம்பு என்றும் சொல்லியிருந்தேன்.

என்னை எந்தக் கூட்டத்திலும் சேர்க்கவில்லை. கோவில் படியில் உட்காரச் சொன்னார்கள். வீட்டுக்கு அத்தை திரும்பி வந்தால் பார்ப்பதற்கு ஒரு பெண்ணை அனுப்பினார்கள். நான் சாமியின் போனிலிருந்து என் வீட்டுக்காரருக்குப் பேசினேன்.

"அம்மா எங்க போச்சு?" என்றார்.

"தெரிஞ்சா உங்களுக்கு ஏன் போன் போடுறேன்?" என்று வைத்துவிட்டேன்.

மழை தொடங்கியது.

ஐந்தேகாலுக்கு ஒவ்வொரு கூட்டமாக வந்தது. மேல் லயம்: "எங்க எல்லையில இல்ல." கீழ் லயம்: "கோழிக்கூடு வரைக்கும் பாத்தாச்சு, எங்க பக்கம் இல்ல." ஃபேக்டரி லயம்: "எங்க எல்லை முழுக்கத் தேடியாச்சு."

எல்லாரும் நனைந்து, முட்டிவரை சேறாக, காலில் அட்டையோடு நின்றார்கள். பொய் சொல்லவில்லை. அவரவர் பக்கத்தை ஒழுங்காகத்தான் தேடியிருந்தார்கள். மூன்று பக்கத்தையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன், ஒரு இடம் மிஞ்சியது.

"என் வீட்டுக்குக் கீழ எட்டாம் நம்பர் காட்டையும் ஓடையையும் யார் பாத்தது?"

தலைவிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

"அது ஃபேக்டரி லயத்துப் பக்கம்" என்றாள் மேல் லயத்துத் தலைவி.

"எப்படி? அந்த வீடு உங்க அன்பியம். வீட்டுக்குக் கீழ உள்ளதும் உங்களுதுதான்" என்றாள் ஃபேக்டரி லயத்துத் தலைவி.

"அவங்க எங்க அன்பியத்துல இல்லையே. எட்டு மாசமாச்சு."

"அப்ப எங்களுதா? எங்க நோட்டுலயும் அந்த வீடு இல்ல."

பின்னால் யாரோ ஒருத்தி சொன்னாள். "எந்தக் கூட்டமும் வேண்டாம்னு சொன்னவங்கதான. எந்தக் கூட்டம் போகும்?"

நான் அவளை நோக்கிப் போனேன். அடித்திருப்பேன். சத்தியமாக அடித்திருப்பேன். ரிட்டயர் ஆன கங்காணி ஒருவர் குறுக்கே குச்சியை நீட்டினார். முப்பது வருஷம் பெண்களைக் காட்டில் வேலை வாங்கிய மனுஷன்.

"கொழுந்து எடுக்கப் போற பொம்பளைகதான நீங்க எல்லாம்?" என்றார். "ரெண்டு பேரு பக்கத்துப் பக்கத்து நெரையில போறீங்க. நடுவுல நிக்கிற செடிய யாரு எடுப்பா?"

குச்சியை இறக்கிவிட்டுத் தானே பதிலும் சொன்னார்.

"இவ எடுப்பான்னு அவ விடுவா, அவ எடுப்பான்னு இவ விடுவா. அந்தச் செடிதான் முத்திப்போயி நிக்கும். அதுக்கு எத்தன தடவ உங்கள ஏசியிருக்கேன்? இப்ப ஆளையே நடுவுல விட்டுட்டு வந்து எல்லை பேசுறீங்களே. ஏ, கிளம்புங்க. மேல் லயம், கீழ் லயம் எல்லாம் கோவில்லயே கிடக்கட்டும். நெர பிடிங்க."

நிரை பிடிப்பது எங்களுக்குத் தினசரி வேலை. சாதாரணமாகத் தேடினால் ஆட்கள் வழி நல்லா இருக்கிற பக்கமாக ஒதுங்குவார்கள், மூன்று பேர் ஒரே இடத்தைப் பார்ப்பார்கள். நிரையில் அது நடக்காது. தேயிலைச் செடி இடுப்புயரம். வரிசைக்கு வரிசை ஒரு ஆள் போகிற சந்து. ஆளுக்கொரு சந்து, பக்கத்தில் இருப்பவள் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகம். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. நடுவில் வரும் செடிக்கு வலதுகைப் பக்கத்தாள் பொறுப்பு. அறுபது பேர் எட்டாம் நம்பர் காட்டின் தலைப்பில் வரிசையாக நின்றார்கள். இந்த முறை ஒருவரும் என்னைப் படியில் உட்காரச் சொல்லவில்லை. தலைவிக்கு இடதுபக்கம் ஒரு சந்து காலியாக இருந்தது. அங்கே நின்றேன். வேறு இடம் இல்லை, அதனால்தான்.

இறங்கினோம். சரிவு. மண் சொதசொதவென்று இருந்தது. எல்லாரும் கூவினார்கள். "பாட்டி!" "அத்தே!" "ஏ ஆச்சி!" பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருத்தர் தகரத்தை அடித்தார். பனிக்குள் அறுபது குரலும் சேர்ந்து இரைச்சலாகக் கேட்டது.

"பேரு சொன்னா திரும்ப மாட்டாங்க" என்றேன். "ஒரு வருஷமா எதுக்கும் பதில் கிடையாது."

தலைவி நின்றாள். அவள் நின்றதால் வரிசை முழுக்க நின்றது. என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒண்ணுக்குப் பதில் சொல்லுவாங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவள் அதற்குள் கையைத் தூக்கிவிட்டாள். "யாரும் சத்தம் போடாதீங்க. தகரத்த நிறுத்துங்க. நான் முதல் பாதி மட்டும் சொல்றேன். மறுபாதிய ஒருத்தரும் சொல்லக் கூடாது. வாயில வந்தாலும் முழுங்குங்க."

சொன்னாள். பங்கிலேயே பெரிய தொண்டை அவளுடையது. "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கி முதல் பாதியை முடித்தாள். அறுபது பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். ஜெபமாலை மாதம் வேறு, தினமும் ஐம்பத்து மூன்று தடவை சொல்கிற வாய்கள். மறுபாதி தானாக நாக்கில் வந்து நிற்கிறது. பக்கத்துச் சந்தில் ஒருத்தி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். இலையில் மழை விழுவது மட்டும் கேட்டது.

பதில் இல்லை.

பத்துச் செடி இறங்கினோம். திரும்பச் சொன்னாள். நின்றோம். ஓடையின் சத்தம் கேட்டது. பதில் இல்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கீழே எங்கோ ஒரு கிளை முறிந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் யானையை நினைத்தோம். ஒருவர்கூடச் சொல்லவில்லை, ஒருவர்கூட வரிசையை விட்டுத் திரும்பி ஏறவும் இல்லை. அது மட்டும் என்னை அசைத்தது. என் மாமியாருக்காக நனைய வேண்டிய கட்டாயம் அவர்களில் யாருக்கும் கிடையாது.

"இன்னும் மெதுவாச் சொல்லுங்க" என்றேன். "அவங்க வேகத்துக்கு."

தலைவி தலையை ஆட்டினாள். தேயிலை முடிந்து ஓடைக்கரைப் புதர் தொடங்கும் இடத்தில் மூன்றாவது தடவை சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து, பழைய ஆட்கள் சொல்கிற மாதிரி. முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் மனசுக்குள் எண்ணினேன். ஏழு வரை எண்ணியிருப்பேன்.

இடதுபக்கம் கீழே இருந்து வந்தது. ரொம்ப மெல்லிசாக, ரொம்ப மெதுவாக, எரிச்சல்பட்ட குரலில்.

"அர்ச்சிஷ்ட மரியாயே... சர்வேசுரனுடைய மாதாவே..."

யாரோ விசும்பினார்கள். "உஸ்" என்றாள் தலைவி. "முடிக்கட்டும். எந்தப் பக்கம்னு கேளுங்க."

அத்தை முழுசாகச் சொல்லி முடித்தார். மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்பது வரை. அதற்குள் கங்காணி திசை பிடித்துவிட்டார்.

ஓடைக்கு இரண்டு ஆள் உயரம் மேலே, மண் சரிந்து விழுந்த ஒரு பொந்தில், கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கால் இருக்கக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. உதடு நீலம். நான் சறுக்கிக்கொண்டே இறங்கி அவரைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஜெபம் முடிஞ்சிருச்சா?" என்றார். "டீ எங்கட்டி?"

எனக்கு மேலே நின்றிருந்த தலைவி சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கொழுந்து கட்டும் படுதாவில் படுக்கவைத்து, மூலைக்கு இரண்டு பேராகத் தூக்கினார்கள். சரிவில் ஒருத்தர் வழுக்கினால் அடுத்தவர் பிடித்தார்கள். எந்த லயத்து ஆள் எந்த மூலையில் என்று நான் பார்க்கவில்லை. ரோட்டில் ஃபேக்டரி லயத்துக்காரர் ஒருவரின் ஜீப் தயாராக நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் தூக்கம் வருவதில்லை. நான் தின்ற ஒன்றரை மணியில் அது இருந்தது. இவர்கள் எல்லை பேசித் தின்ற நேரத்திலும் இருந்தது.

சேர்ந்து வேலை செய்தால் நல்லது என்று சாமி அடுத்த ஞாயிறு பிரசங்கம் வைத்தார். எங்களையே உதாரணமாகச் சொன்னார். நான் கடைசி பெஞ்சில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். நல்லதுதான், மறுக்கவில்லை. நான் ஒருத்தி எட்டாம் நம்பர் காட்டை ஒரு நாள் முழுக்கத் தேடினாலும் அந்தப் பொந்தைப் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் அதே கூட்டம்தான் நோட்டில் பேர் இல்லை என்று ஒரு வீட்டையும், அதன் கீழே ஒரு கிழவியையும் விட்டுவிட்டு வந்தது. பூசை முடிந்ததும் சாமியிடம் போய் இதைச் சொன்னேன். "சரியாணு, சேச்சி" என்றார். மூன்று தலைவிகளையும் கூப்பிட்டு, இனி எல்லையில் இருக்கும் வீடு இரண்டு நோட்டிலும் இருக்க வேண்டும் என்று எழுதவைத்தார்.

இப்போது எங்கள் வீடு இரண்டு அன்பியத்தில் இருக்கிறது. இரட்டைத் தொல்லை. அத்தைக்கு இடுப்பெலும்பு முறிவு, இனி நடக்க மாட்டார். நான் காட்டுக்குப் போகிற நாட்களில் மேல் லயத்திலிருந்து ஒருத்தியும் ஃபேக்டரி லயத்திலிருந்து ஒருத்தியும் முறை போட்டு வந்து உட்காருகிறார்கள். முறை தவறினால் ஒருத்தியை ஒருத்தி கிழிக்கிறார்கள். அதனால் தவறுவதில்லை.

தலைவி என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் வாசலில் நின்று, "செவ்வாக்கிழம கூட்டம் உங்க வீட்ல" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

"இடம் பத்தாது" என்றேன்.

"முன்ன பத்துச்சுல்ல?"

வந்தார்கள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் பாதி, மறுபாதி. நாங்கள் முடித்த பிறகு அத்தை ஆரம்பித்தார். தலைவி மணியை விரலில் பிடித்தபடி காத்திருந்தாள். இருபது பேரும் காத்திருந்தார்கள். அத்தை முடித்த பிறகுதான் அடுத்த மணி. அரை மணி நேர ஜெபமாலை ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. ஒருத்தி கொட்டாவி விட்டாள், தலைவி முறைத்தாள்.

பிறகு டீ போட்டேன். அத்தைக்கு முதலில் கொடுத்தேன். தலைவி ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சர்க்கரை குறைவு என்றாள்.

"டப்பா அங்க இருக்கு" என்றேன். "போட்டுக் குடி."